மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர்

சேலத்தில் பைபாஸ் முடிந்து அப்பாவைப் பாலக்கோட்டுக்கு அழைத்து வந்தபோது தையல் நன்றாகக் காய்ந்திருந்தது. சில வாரம் கழித்து ஒரு காலையில் பனியனில், நெஞ்சுக்கு நடுவே, ஒரு ரூபாய்க் காசளவு மஞ்சள் ஈரம். இருமினால் எலும்பு உள்ளே ‘கிளுக்’கென்று அசைகிறது என்றார்.

மஞ்சள் அரைத்துப் பற்றுப் போடச் சொன்னார் பெரியம்மா. மருந்துக்கடையில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் ஆறிவிடும் என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். இரண்டுமே அக்கறையில் சொன்னவைதான். ஆனால் இந்த ஆபரேஷனில் நெஞ்செலும்பை நடுவே பிளந்து, பிறகு கம்பியால் இழுத்துக் கட்டுகிறார்கள். கிருமி தோலோடு நின்றிருக்கிறதா, கம்பியையும் தாண்டி இதயத்தின் பக்கம் போய்விட்டதா என்பதை வீட்டிலிருந்தபடி யாராலும் சொல்ல முடியாது. சீழ், காய்ச்சல், எலும்பு அசைவு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போய்விடுங்கள். நாங்கள் அன்றே கிளம்பினோம்.

“அக்கா, இதுக்கு முன்னாடி மாத்திரை ஏதாச்சும் குடுத்தீங்களா?” இதுதான் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி. இல்லை என்றதும் சீழை எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, அனுப்பினார். ஆன்டிபயாடிக் உள்ளே போன பிறகு எடுத்தால் புண்ணில் இருக்கிற கிருமி பரிசோதனையில் வளராமல் போகலாம். அப்புறம் எந்த மருந்து கேட்கும் என்பது வெறும் ஊகம்தான்.

இரண்டு மூன்று நாளில் ரிப்போர்ட் வரும். மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்கும். எதிரே ‘எஸ்’ என்றால் கேட்கும், ‘ஆர்’ என்றால் கேட்காது. அப்பாவுக்கு வந்தது ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ். பென்சிலினுக்கு ஆர், செஃபாக்சிட்டினுக்கும் ஆர். எம்ஆர்எஸ்ஏ, அதாவது மெதிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், என்று காட்டிக்கொடுத்தது அந்த இரண்டாவது ஆர்தான். வழக்கமாகக் கடையில் எடுத்துத் தரும் அமாக்சிசிலின் இதைத் தொட்டிருக்காது. வான்கோமைசினுக்கு எஸ். அதைச் சிறுநீரகத்தைக் கண்காணித்தபடி ஊசி வழியாக ஏற்றினார்கள். புண்ணைத் திறந்து கழுவி, செத்த சதையையும் எடுத்தார்கள். சீழ் தேங்கிய இடத்தில் மருந்து மட்டும் வேலை செய்யாது. கூடவே சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தார்கள். சர்க்கரை ஏறினால் புண் ஆறாது, கிருமிக்கும் கொண்டாட்டம்.

மெதிசிலின் மருந்து 1959-ல் வந்தது; 1961-லேயே அதற்கு அடங்காத கிருமியைப் பிரிட்டனில் கண்டார்கள். 2010-ல், கடைசி மருந்தாக வைத்திருந்த கார்பாபெனெமையும் முறிக்கும் என்டிஎம்-1 என்ற நொதி பற்றிய ஆய்வு வெளியானபோது, அதில் சென்னையிலிருந்து எடுத்த கிருமிகளும் இருந்தன. நம் ஊர் விஷயம்தான் இது. 2014 மார்ச் முதல், பல ஆன்டிபயாடிக்குகள் அடங்கிய எச்1 பட்டியல் மருந்துகளை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது; வாங்கியவர் பெயரை எழுதி, பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அந்த மருந்துகளின் அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கும், பாருங்கள்.

கல்ச்சர் ரிப்போர்ட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். ராத்திரியில் காய்ச்சல் கண்டு தர்மபுரி ஜி.எச்.சுக்கு ஓட நேர்ந்தால், டியூட்டி டாக்டருக்கு எந்த மருந்து கேட்காது என்பதை அதுதான் சொல்லும்.