பணியேற்கும் நாளில் கொடுக்க வேண்டிய கடிதம்

கேள்வி: ஐயா, 19 வயதில் ராணுவத்தில் சேர்ந்து, 24 ஆண்டு பணியாற்றி, ஹவில்தாராக பென்ஷனோடு ஓய்வுபெற்றேன். இப்போது வயது 44. படிப்பு பிளஸ் டூ. முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் மூன்று மத்திய அரசுத் தேர்வுகள் எழுதினேன். ஒன்றில் கிளார்க் வேலைக்கு ஆர்டர் வந்துவிட்டது. பட்டதாரி நிலைத் தேர்வுக்கும் ரயில்வே தேர்வுக்கும் இன்னும் முடிவு வரவில்லை. “இதில் சேர்ந்தால் எக்ஸ்-சர்வீஸ்மேன் சலுகை அத்தோடு போச்சு” என்கிறார்கள் நண்பர்கள். சேர்வதா, காத்திருப்பதா? ராணுவ பென்ஷன் நின்றுவிடுமா?
- வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: தயங்காமல் சேருங்கள். ஆனால் சேரும் அன்றே ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. முன்னாள் படைவீரர் சலுகையில் ஒருவர் அரசின் சிவில் பணியில் சேர்ந்துவிட்டால், மறுவேலைவாய்ப்புக்கான அந்தத் தகுதி முடிந்துவிடும் என்று 1985-இலேயே மத்திய அரசு உத்தரவிட்டது. முடிவு வராத தேர்வுகளை நம்பிக் கையில் வந்த வேலையை விடுவதா என்று பலரும் தவித்தார்கள். மத்திய பணியாளர் மற்றும் பயிற்சித் துறை 14.8.2014 அன்று வெளியிட்ட உத்தரவு இதற்கு வழி செய்தது. முதல் சிவில் பணியில் சேர்வதற்கு முன்பே நீங்கள் விண்ணப்பித்திருந்த நேரடி நியமனப் பணியிடங்களுக்கு, சேர்ந்த பிறகும் ஒதுக்கீட்டைக் கேட்கலாம். நிபந்தனை ஒன்றுதான்: வேலையில் சேர்ந்தவுடன், எந்தெந்தப் பணிக்கு எந்தெந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள் என்று அந்த அலுவலகத்துக்கு உறுதிமொழி எழுதித் தர வேண்டும்.

இந்தக் கடிதத்தைத்தான் பலர் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்த வழக்குகளில் யாரும் பொய் சொன்னவர்கள் இல்லை. முன்பே விண்ணப்பித்தது உண்மை, ஆனால் அதை முதல் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டாவது வேலையின் சான்றிதழ் சரிபார்ப்பில் அதைக் கேட்டபோது கையில் ஒன்றும் இல்லை. 20 வருஷத்துக்கு மேல் எல்லையில் நின்றவர்கள் ஒரு தாள் இல்லாமல் திரும்புவதைப் பார்க்க மனசு பொறுக்காது. தேர்வின் பெயர், அறிவிக்கை எண், விண்ணப்ப எண், விண்ணப்பித்த தேதி எல்லாவற்றையும் எழுதி இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பணிப்பதிவேட்டில் சேர்க்கச் சொல்லியும் கேளுங்கள். அலுவலகப் பிரிவில் இருப்பவருக்கு இந்த உத்தரவு தெரியாமல் இருக்கலாம். நகல் ஒன்று கையோடு இருக்கட்டும்.

சேர்ந்த பிறகு புதிதாக விண்ணப்பிக்கும் தேர்வுகளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. மத்திய அரசின் குரூப் சி பணிகளில் இதைவிட உயர்ந்த நிலைக்குப் போட்டியிட்டால் வயதுத் தளர்வு உண்டு, ஒதுக்கீடு இல்லை. தமிழக அரசுப் பணிகளுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 2016-ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர்கள் (பணி நிபந்தனைகள்) சட்டம். டி.என்.பி.எஸ்.சி. பக்கம் போவதாக இருந்தால் அந்த அறிவிக்கையைத் தனியாகப் படியுங்கள். மத்திய உத்தரவை அங்கே காட்டிப் பயனில்லை.

பட்டதாரித் தேர்வுக்கு பிளஸ் டூ போதுமா என்ற சந்தேகமும் உங்களுக்கு இருக்கும். 1979-ஆம் ஆண்டின் மறுவேலைவாய்ப்பு விதிகளின்படி, பத்தாம் வகுப்பு முடித்து 15 ஆண்டுக்குக் குறையாமல் படையில் இருந்தவரை, தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமில்லாத குரூப் சி பணிகளில், பட்டம் கேட்கும் இடத்துக்கும் பரிசீலிக்கலாம். ஆனால் இது முன்னாள் படைவீரருக்கென ஒதுக்கிய காலியிடத்துக்கு மட்டுமே. அந்த ஒதுக்கீடு போனால் இந்தத் தகுதியும் போய்விடும். அதனால்தான் கடிதத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன். வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். 44-இல் 24 ஆண்டு பணியைக் கழித்தால் 20. உச்ச வரம்புக்கு மேல் மூன்று ஆண்டு வரை இடமும் உண்டு.

பென்ஷன் நிற்காது. அதிகாரி தரத்துக்குக் கீழிருந்து 55 வயதுக்குள் ஓய்வுபெற்றவருக்கு, புதுச் சம்பளத்தை நிர்ணயிக்கும்போது ராணுவ பென்ஷன் முழுவதையும் கணக்கில் எடுக்கக் கூடாது. ஆனால் கடைசியாக வாங்கிய ராணுவச் சம்பளம் கிடைக்காது. அந்தப் பணியின் ஆரம்பச் சம்பளம்தான். கிளார்க் பணி ஊதிய அட்டவணையில் இரண்டாம் நிலை என்றால் அடிப்படை ஊதியம் ரூ.19,900. அப்படிக் குறைந்தபட்சத்தில் நிர்ணயித்திருந்தால் பென்ஷன் மீதான அகவிலை நிவாரணமும் தொடரும். அதற்கு அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் வாங்கி, உங்கள் பென்ஷன் வழங்கும் இடத்தில், அதாவது ஸ்பர்ஷிலோ வங்கியிலோ, சேர்த்துவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் புக், பென்ஷன் ஆணை (பி.பி.ஓ.), மூன்று விண்ணப்பங்களின் அச்சுப் பிரதி இவற்றை இன்றே எடுத்து வையுங்கள். கடிதத்தை இன்று இரவே எழுதிவிடுங்கள், தேதியை மட்டும் சேரும் நாளில் போட்டுக்கொள்ளலாம்.