மாதவிடாய் வலிக்குச் சுக்குக் கஷாயம்

மாதவிடாயின்போது கருப்பையின் உட்சுவரில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரந்து, தசையை இறுக வைக்கிறது. அடிவயிறு சுருட்டிப் பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான். இஞ்சி அந்தச் சுரப்பை ஓரளவு குறைக்கும். இந்த வலிக்காக நடந்த ஆய்வுகளில் நாளொன்றுக்கு முக்கால் கிராமிலிருந்து 2 கிராம் வரை இஞ்சித் தூள் கொடுத்திருக்கிறார்கள்.

தோல் சீவிய சுக்கைப் பொடித்து, அரை டீஸ்பூன் எடுத்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்ட விடுங்கள். வடிகட்டி, கருப்பட்டி சேர்த்து, காலையும் மாலையும் குடிக்கலாம். சாப்பிட்ட பிறகுதான், வெறும் வயிற்றில் நெஞ்செரியும். வலி உச்சத்துக்குப் போகும்வரை காத்திருக்காமல் முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

வயிறு உப்புசமாக இருந்தால் ஓமத் தண்ணீர், இல்லையென்றால் பெருங்காயம் கலந்த மோர். உளுந்தங்களி நல்ல சத்துணவு, ஆனால் சாப்பிட்டவுடன் வலி நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். வெந்நீர்ப் பை ஒத்தடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். என்னைக் கேட்டால், கஷாயத்துக்கு முன்னால் அதுதான்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கருத்தரித்திருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் கஷாயம் தொடங்க வேண்டாம். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனாலோ மகளிர் மருத்துவரைப் பாருங்கள். 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.