விந்துப் பரிசோதனைத் தாளைப் படிக்கும் முறை

மணமான தம்பதிகள் ஓராண்டு ஒன்றாக வாழ்ந்தும் மனைவி கருவுறாதிருப்பின், இருவரையும் மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்பது பொது விதி. மனைவியின் வயது 35க்கு மேற்பட்டதாயின் ஆறு மாதத்திலேயே பரிசோதிப்பது நலம். எனினும், பல குடும்பங்களில் மனைவியை மட்டுமே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். இரத்தப் பரிசோதனையும், கருக்குழாயில் மருந்து செலுத்திப் படம் எடுத்தலும் முடிந்து, ‘மலடி’ என்ற பழிச்சொல்லும் அவள் காதில் விழுந்த பின்னரே, கணவர் ஆய்வுக்கூடத்தின் வாயிலை மிதிக்கிறார். குழந்தைப்பேறு தடைப்படுவதற்கு ஏறக்குறைய பாதித் தம்பதிகளிடத்தில் ஆணின் பக்கத்திலும் காரணம் உண்டு. எனவே, ஊசியும் வலியும் இல்லாத இந்த எளிய பரிசோதனையைத் தொடக்கத்திலேயே செய்துவிடுவது முறையாகும்.

பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாட்கள் வரை விந்து வெளியேறாதிருத்தல் வேண்டும். விந்து முழுவதும் புட்டியில் சேர வேண்டும். முதலில் வெளிவரும் பகுதியில்தான் விந்தணுக்கள் மிகுதி. அது சிந்திவிட்டால், வெட்கப்படாமல் ஆய்வாளரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எடுத்ததாயின், குளிர்ந்துவிடாதபடி சட்டையின் உட்பையில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்க வேண்டும். சாதாரண ஆணுறையில் சேகரித்தல் கூடாது.

இனி, தாளில் காணும் எண்களுக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேட்டின்படி கீழெல்லைகள் வருமாறு: விந்தின் அளவு 1.4 மில்லி லிட்டர். ஒரு மில்லி லிட்டரில் விந்தணுக்கள் 1 கோடியே 60 லட்சம். மொத்த விந்தணுக்கள் 3 கோடியே 90 லட்சம். அசைவுடையவை நூற்றுக்கு 42. மொத்தத்தில் முன்னோக்கி நீந்துபவை நூற்றுக்கு 30. நல்ல வடிவம் உடையவை நூற்றுக்கு 4. தாளில் பெரும்பாலும் ‘மில்லியன்’ என்ற கணக்கே அச்சாகியிருக்கும். ஒரு மில்லியன் என்பது 10 லட்சம். இது தெரியாமல், ‘பதினாறுதான் இருக்கிறது’ என்று கலங்கி நிற்பாரும் உண்டு.

இந்த எல்லைகள் எவ்வாறு பிறந்தன என்பதை அறிந்தாலன்றி அவற்றின் பொருள் விளங்காது. மனைவியர் ஓராண்டுக்குள் கருவுற்ற ஆடவர்களின் விந்தைப் பல நாடுகளில் ஆராய்ந்து, அவர்களை எண்ணிக்கை வரிசையில் நிறுத்தினர். நூறு பேரில் அடியிலிருந்து ஐந்தாவது ஆள் நிற்கும் இடமே கீழெல்லை. அதற்குக் கீழே நின்றவர்களும் தந்தையரே என்பதை மறத்தல் ஆகாது. ஆசிரியர்கள் இதைத் தேர்வின் தேர்ச்சி மதிப்பெண்ணோடு ஒப்பிட முற்படலாம். அந்த ஒப்புமை இங்கே பொருந்தாது. எல்லைக்குக் கீழே இருப்பவருக்கு வாய்ப்புக் குறைவு, அவ்வளவே. எல்லைக்கு மேலே இருப்பவருக்கும் உறுதி ஏதும் இல்லை. மேலும், 1999ஆம் ஆண்டுப் பதிப்பில் 2 கோடியாக இருந்த எல்லை, 2010இல் 1 கோடியே 50 லட்சமாயிற்று. ஆகவே, 1 கோடியே 80 லட்சம் விந்தணு உடைய ஒருவர், 1999 பதிப்பின்படி குறையுடையவர். இன்றைய பதிப்பின்படி குறையற்றவர். அவர் உடம்பில் மாறியது ஒன்றுமில்லை.

மிகுந்த அச்சத்தை விளைவிப்பது வடிவம் பற்றிய வரியாகும். ‘நார்மல் 4 சதவிகிதம்’ என்று காணும் கணவர், 96 சதவிகிதம் கெட்டுவிட்டது என்றும், பிறக்கும் குழந்தை ஊனமாகிவிடும் என்றும் எண்ணுகிறார். இங்கே ‘நார்மல்’ என்பதை ‘இயல்பான’ என்று தமிழாக்குவதே பிழைக்கு வித்திடுகிறது. தலை, கழுத்து, வால் ஆகிய அனைத்தும் மிகக் கடுமையான அளவுகோலுக்கு இணங்கியவை என்பதே அதன் கருத்து. நலமுள்ள ஆடவரிடத்தும் பெரும்பாலான விந்தணுக்கள் அந்த அளவுகோலுக்கு உட்படா. விந்தணுவின் வடிவத்தைக் கொண்டு குழந்தையின் வடிவத்தைக் கூற இயலாது.

மற்றொரு சொல்லையும் குறிப்பிட வேண்டும். விந்தணுக் குறைவை ‘ஆண்மைக் குறைவு’ என எழுதும் வழக்கம் பரவியுள்ளது. தாம்பத்திய உறவுக்கான ஆற்றல் வேறு. விந்தணுக்களின் எண்ணிக்கை வேறு. முன்னது குறைவின்றி இருக்கையிலேயே பின்னது அறவே இல்லாதிருக்கலாம். இவ்விரண்டையும் குழப்பும் ஒரு சொல்லுக்கு அஞ்சியே பலர் பரிசோதனைக்கு வர மறுக்கின்றனர். வந்தவரும் தாளை மறைக்கின்றனர். களப்பணியாளர் ‘விந்தணுக் குறைவு’ என்றே சொல்லிப் பழகுவாராக.

ஒரே மனிதரிடம் விந்தணுக்களின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் பெரிதும் வேறுபடும். எனவே, முதல் தாளில் குறை காணின் மறுபரிசோதனை இன்றியமையாதது. விந்தணு ஒன்று உருவாகி முதிர்ந்து வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். சென்ற மாதம் கண்ட கடுங்காய்ச்சலின் விளைவு இந்த மாதத் தாளில் தென்படும். இன்று புகையிலையை விட்டதன் பயன் நாளைக்கே தெரியாது. உடல் வலிமைக்கென்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக் கொள்வோருக்கு ஓர் எச்சரிக்கை: வெளியிலிருந்து அது வரும்போது மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையைக் குறைத்துவிடுகிறது, விந்தணு உற்பத்தி சுருங்குகிறது, சில சமயம் நின்றே போகிறது.

விந்தணு ஒன்றுமே காணப்படாத தாள் தனி வகை. ஆய்வாளர் விந்தைச் சுழற்றி, அடியில் தங்கும் படிவையும் தேடியிருக்க வேண்டும். மறுமுறையும் காணாவிடின், உற்பத்தியே இல்லையா, அல்லது உற்பத்தியாகியும் வழி அடைபட்டுள்ளதா என்பதே அடுத்த வினா. விந்தின் அளவு மிகக் குறைந்தும் அமிலத்தன்மை உடையதாகவும் இருப்பின், வழியில் அடைப்போ பிறவியிலேயே நாளம் இன்மையோ இருக்கலாம். இத்தகையோரில் பலருக்கு விரையிலிருந்தே விந்தணுவை எடுத்தல் இயலும். 1992ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ள முறையில், ஒரே ஒரு விந்தணுவை முட்டையினுள் செலுத்திக் கருவுறச் செய்வதும் நடைபெறுகிறது. ஆகவே, அத்தாளுடன் வருபவரை மருந்துக் கடைக்கன்று, சிறுநீரக மற்றும் ஆண் இனப்பெருக்க உறுப்பு மருத்துவரிடமே அனுப்புதல் வேண்டும். மனைவியும் உடன் செல்லட்டும்.