குளிர்கால வீட்டு ஜந்துக்களும் நம் மார்க்கக் கடமையும்

ஐப்பசியில் அடைமழை பிடித்துவிட்டால், மார்கழி, தைப் பனி விலகும் வரை நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு ஒரே முறையீடுதான். வளைகளில் தண்ணீர் புகுந்ததும் எலி, பெருச்சாளி, தேள் முதலியவை காய்ந்த இடம் தேடி வீட்டுக்குள் வருகின்றன. குளிருக்கு அஞ்சி நாம் சன்னல்களை அடைத்து வைப்பதால் ஈரம் உலராத மூலைகளில் கரப்பான் பெருகுகிறது. தேங்கிய நீரில் கொசு உற்பத்தியாகிறது. உடனே கடைக்கு ஆளனுப்பி மருந்து வாங்கி வந்து மூலைக்கு மூலை வைத்து விடுகிறோம். அந்த மருந்து எது, அதை எங்கே வைத்தோம், பிள்ளைகளுக்கு எட்டுமா என்பதையெல்லாம் பிறகுதான் யோசிக்கிறோம்.

இது வீட்டு விவகாரம், இதில் மார்க்கத்திற்கு என்ன வேலை என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. நாயகம் (ஸல்) அவர்கள் இந்த விஷயத்தில் நமக்குத் தெளிவான ஒழுங்கு ஒன்றைக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்த ஒழுங்கில் மூடுவதும் தடுப்பதும் முதலில் வருகின்றன. கொல்வது அதற்குப் பின்னர், அதுவும் வரம்புக்கு உட்பட்டது. நாமோ கடைசியில் வர வேண்டியதை முதலில் செய்கிறோம். இதனால் விளையும் தீங்கு சாதாரணமானதல்ல என்பதைக் கீழே காண்போம்.

இரவில் மூடும் ஸுன்னத்

இரவு வந்ததும் அல்லாஹ்வின் பெயர் கூறிக் கதவுகளைத் தாழிடும்படியும், தண்ணீர்த் தோல்பைகளின் வாயைக் கட்டும்படியும், பாத்திரங்களை மூடும்படியும், மூட ஒன்றும் கிடைக்காவிட்டால் குறுக்கே ஒரு குச்சியையேனும் வைக்கும்படியும், விளக்குகளை அணைக்கும்படியும் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதாக ஜாபிர் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு கிதாபுகளிலும் வந்துள்ளது. விளக்கை அணைப்பதற்குக் காரணமும் சொல்லப்பட்டிருக்கிறது. எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரோடு வீட்டை எரித்துவிடக் கூடும் என்பதே அது. அவ்வாறே ஓர் எலி திரியை இழுத்து வந்து நாயகம் (ஸல்) அவர்கள் அமர்ந்திருந்த விரிப்பின்மீது போட, திர்ஹம் அளவுக்கு அது கருகியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை அபூதாவூதில் காண்கிறோம்.

முஸ்லிமில் இன்னொரு அறிவிப்பும் உண்டு. ஆண்டில் ஓர் இரவு நோய் இறங்குகிறது என்றும், மூடப்படாத பாத்திரத்திலும் கட்டப்படாத தோல்பையிலும் அது இறங்காமல் போவதில்லை என்றும் அதில் எச்சரிக்கப்பட்டுள்ளது. அதை அறிவிப்பவர்களுள் ஒருவரான எகிப்து நாட்டு இமாம் லைஸ் இப்னு ஸஅது (ரஹ்) அவர்கள், தம் பகுதியில் வாழ்ந்த அரபியரல்லாதவர்கள் கானூனுல் அவ்வல் மாதத்தில் அதை அஞ்சி எச்சரிக்கையாக இருப்பர் என்று சேர்த்துச் சொல்கிறார்கள். கானூனுல் அவ்வல் என்பது டிசம்பர் மாதம். மார்கழி பிறக்கும் அதே மாதம்!

இன்று நம் வீடுகளில் தோல்பையுமில்லை, திரிவிளக்கும் அரிது. ஆனால் குடம் இருக்கிறது, அண்டா இருக்கிறது, மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, இரவு மிஞ்சிய சோறும் இருக்கிறது. திரிவிளக்கின் இடத்தில் மின்கம்பி இருக்கிறது. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் அது எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கும். அது மின்கம்பியின் உறையைக் கொறித்தால் தீப்பிடிக்கும் அபாயம் இன்றும் உண்டு. சாதனங்கள் மாறினாலும் எச்சரிக்கைக்கான காரணம் மாறவில்லை.

தடுப்பதே முதல் வேலை

சுண்டெலி ஒரு பென்சில் நுழையும் சந்தில் நுழைந்துவிடும். அது கருவுற்ற மூன்று வாரங்களில் குட்டி போடும். அக்குட்டி ஆறு வாரங்களில் தானும் இனம் பெருக்கத் தொடங்கும். ஆகவே சந்து திறந்திருக்கும்வரை எத்தனை எலியைக் கொன்றாலும் கணக்குத் தீராது. அந்த ஓட்டையில் பாத்திரம் துலக்கும் கம்பி நாரை நன்கு திணித்து, மேலே சிமெண்டு பூச வேண்டும். துணியோ காகிதமோ வைத்து அடைப்பது வீண். சாக்கடைக் குழாய் வாய்க்கும் காற்றுத் துவாரத்திற்கும் கம்பிவலை அடிக்க வேண்டும். வாசற்கதவின் அடியில் இடைவெளி இருந்தால் தகரப் பட்டை வைக்க வேண்டும். அரிசி மூட்டையைத் தரையில் கிடத்தாமல் பலகைமீது ஏற்றி, சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும்.

கரப்பானுக்கு உணவைவிடத் தண்ணீர் அவசியம். இரவு படுக்குமுன் எச்சில் பாத்திரங்களைக் கழுவி, அங்கணத்தைத் துடைத்து உலர்த்தி, சொட்டுகிற குழாயைச் சரிசெய்தாலே அதன் தொல்லை பெரிதும் குறையும்.

கொசுவின் விஷயத்தில் பாத்திரத்தை மூடும் ஸுன்னத்தின் பயனைக் கண்ணாலேயே காணலாம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. நாம் சேமித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் வளர்வது. அதன் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆதலால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, மூடி வைக்க வேண்டும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் ஆவதால் ஜும்ஆவுக்கு ஜும்ஆ என்று வழக்கப்படுத்திக்கொள்வது எளிது.

கொல்வதன் வரம்பு

எலியையும் தேளையும் கொல்வது ஆகுமானது. இஹ்ராமில் இருக்கும்போதும், ஹரம் எல்லைக்குள்ளும்கூடக் கொல்ல அனுமதிக்கப்பட்ட ஐந்தில் இவ்விரண்டும் அடங்கும் என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். துன்பம் தரும் கரப்பான், கொசு, மூட்டைப்பூச்சி ஆகியவற்றைக் கொல்வதிலும் தடையில்லை.

எறும்பின் சட்டம் சற்று வேறு. எறும்பைக் கொல்வதற்குத் தடை வந்திருக்கிறது. ஷாஃபிஈ இமாம்களில் பலர் அத்தடை தீங்கிழைக்காத பெரிய எறும்பைக் குறிக்கும் என்றும், துன்பம் தரும் சிற்றெறும்பைக் கொல்லலாம் என்றும் விளக்கியுள்ளனர். ஹனஃபீ கிதாபுகளில், எறும்பு துன்பம் தரத் தொடங்கினால் கொல்லலாம், இல்லையேல் மக்ரூஹ் என்று காணப்படுகிறது. எறும்புப் புற்றில் கொதிநீர் ஊற்றுவதைவிட, சர்க்கரை டப்பாவை இறுக மூடி, எறும்பின் வழியைச் சோப்புநீரால் துடைத்துவிடுவது நலம்.

கொல்ல அனுமதி என்றால் வதைக்க அனுமதி என்று பொருளல்ல. பயணம் ஒன்றில் எறும்புப் புற்று எரிக்கப்பட்டிருப்பதைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இரட்சகனுக்கே உண்டு எனக் கண்டித்துத் தடுத்தார்கள். எதைக் கொன்றாலும் நல்ல முறையில் கொல்ல வேண்டும் என்பது ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் பொது விதி. பல்லியை முதல் அடியிலேயே கொல்பவருக்கு நன்மை அதிகம் என்ற ஹதீதுக்கு இமாம்கள் கூறும் விளக்கங்களுள் ஒன்று, அதன் வேதனை சீக்கிரம் முடிகிறது என்பதே.

கூண்டில் அகப்பட்ட எலிமீது மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது ஹராம். கொதிநீர் ஊற்றுவதும், பட்டினி போட்டுச் சாகவிடுவதும் வதையே. ஒரு பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகடித்த பெண்ணின் முடிவை அறியாத முஸ்லிம் உண்டா? ஒட்டும் அட்டையில் சிக்கிய எலி தோல் பிய்ந்து நெடுநேரம் துடிப்பதைப் பார்த்தவர்கள் அதையும் இக்கணக்கில்தான் சேர்ப்பார்கள். ஒரே அடியில் கொல்லும் விற்பொறியே மேலானது. எலி புதிய பொருளைக் கண்டு அஞ்சும். ஆகவே சில நாட்கள் இரையை மட்டும் வைத்துப் பழக்கிவிட்டு, பிறகு பொறியை ஏற்றினால் தவறாது விழும்.

கூண்டில் பிடித்த எலியை இரவோடிரவாக அடுத்த தெருவில் திறந்துவிட்டு வருபவர்களும் உண்டு. இது அண்டை வீட்டாருக்குச் செய்யும் தீங்கல்லவா?

மருந்து வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலி மருந்து வைக்கப்பட்ட வீட்டில் உறங்கிய ஒரு குடும்பத்தில் சிறு பிள்ளைகள் இருவர் இறந்துபோனார்கள். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பிறந்து வளரும் வீடே அப்பிள்ளைகளுக்கு ஆபத்தாகிவிட்டது. இச்செய்தியைக் கேட்டு வருந்தினால் மட்டும் போதாது. நம் வீட்டுப் பரணையும் மாடங்களையும் ஒருமுறை எழுந்து பார்க்க வேண்டும்.

தானியக் கிடங்குகளுக்கென்று உள்ள அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைச் சிலர் வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர். காற்றின் ஈரம் பட்டதும் அது பாஸ்பீன் என்னும் நச்சுவாயுவை வெளியிடும். மழைக்காலத்தில் ஈரத்திற்குப் பஞ்சமில்லை. குளிருக்காகச் சன்னலையும் அடைத்துவிடுகிறோம். இதற்கு முறிமருந்து கிடையாது. மனிதர் வசிக்கும் வீட்டுக்குள் இதைக் கொண்டுவரவே கூடாது.

இன்னொன்று மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை. இதற்கும் முறிமருந்து இல்லை. இதைத் தின்ற பிள்ளை முதலில் வாந்தி எடுக்கும். பிறகு ஓரிரு நாள் தேறிவிட்டதுபோல் தோன்றும். அதற்கப்புறம் கல்லீரல் கெட்டுப்போகும். ஆகவே பிள்ளை தேறிவிட்டது என்று நம்பி வீட்டிலிருந்துவிடக் கூடாது. விஷம் வாயில் பட்டது தெரிந்த உடனே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், மருந்தின் உறையையும் கையில் எடுத்துக்கொண்டு 108 வண்டியை அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தேங்காய்ச் சில்லிலும் கருவாட்டிலும் விஷம் தடவித் தரையில் வைப்பதைப் பிள்ளையும் பூனையும் எப்படிப் பிரித்தறியும்? பூனை நம்மைச் சுற்றிவரும் பிராணி, அது அசுத்தமானதல்ல என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக அபூகதாதா (ரலி) அவர்கள் அறிவித்து, தாம் உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரையே பூனை குடிக்கச் சாய்த்துக் கொடுத்தார்கள். எலி பிடிக்கும் அந்தப் பூனையை நாம் விஷம் வைத்துக் கொல்லலாமா?

துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையும் எச்சரிக்கைக்குரியது. பிறவியிலேயே இரத்தத்தில் ஒருவகைக் குறையுள்ள குழந்தைகளுக்கு அதன் நெடி பட்ட துணியே இரத்தச் சிவப்பணுக்களை அழித்துக் காமாலையை உண்டாக்கக் கூடும். அந்தக் குறை எந்தக் குழந்தைக்கு உண்டென்று பார்த்தால் தெரியாது. ஆகவே கைக்குழந்தையின் துணிகளோடு அதைப் போடாதீர்கள். கொசுவர்த்திச் சுருளை அடைத்த அறையில் கொளுத்துவதைவிடக் கொசுவலையே நலம்.

தனக்கும் தீங்கில்லை, பிறர்க்கும் தீங்கிழைத்தல் இல்லை என்பது மார்க்கத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. எலியின் தீங்கை நீக்கப் போய் அதைவிடப் பெரிய தீங்கை வீட்டுக்குள் கொண்டுவருவது அந்த விதிக்கு மாறானது.

உணவும் தண்ணீரும்: சில மஸ்அலாக்கள்

உறைந்த நெய்யில் எலி விழுந்து செத்துவிட்டால் அதையும் அதைச் சுற்றியுள்ள நெய்யையும் எடுத்தெறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்பது மைமூனா (ரலி) அவர்களின் அறிவிப்பு. உருகிய நெய், எண்ணெய் போன்றவையானால் முழுதும் நஜீஸ் என்பதே பெரும்பாலான இமாம்களின் தீர்ப்பு. ஈ, எறும்பு, கரப்பான் போன்ற, ஓடும் இரத்தமில்லாதவை தண்ணீரில் விழுந்து செத்தால் தண்ணீர் நஜீஸாவதில்லை.

தொட்டியில் எலி செத்துக் கிடந்தால் என்ன செய்வது? ஷாஃபிஈ மத்ஹபில், தண்ணீர் இரண்டு குல்லத்தோ அதற்கு மேலோ இருந்து, நிறமும் மணமும் சுவையும் மாறாமலிருந்தால் அது சுத்தமானதே. ஹனஃபீ மத்ஹபில் கிணற்றுக்குரிய சட்டம் வேறு. எலி ஊதி வெடிக்காமல் செத்திருந்தால் இருபது வாளி இறைக்க வேண்டும் என்கிறார்கள். ஆனால் சுத்தம் வேறு, ஆரோக்கியம் வேறு. உளூவுக்குச் சுத்தமான தண்ணீரைக் குடித்துத்தான் ஆக வேண்டும் என்று எந்த இமாமும் சொல்லவில்லை. எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் பரவுகிறது. கால் வெடிப்பின் வழியாகவும் அது உடலில் புகும். ஆகவே தொட்டி நீரைக் கொட்டி, தேய்த்துக் கழுவி, மூடியைச் சரிசெய்வதே அறிவுடைமை. மழைநீர் தேங்கிய தெருவில் வெறுங்காலோடு பள்ளிக்குச் செல்பவர்கள் உளூச் செய்யும்போது கால்களைச் சோப்பிட்டும் கழுவிக்கொள்ளட்டும்.

படுக்கையை உதறுதல்

படுக்கைக்குச் செல்பவர், தாம் இல்லாதபோது அதில் என்ன வந்து கிடக்கிறதோ தெரியாது என்பதால், உடுத்திய துணியின் உட்புறத்தால் படுக்கையைத் தட்டிவிட்டுப் படுக்க வேண்டும் என்று அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் வந்துள்ளது. தரையில் பாய் விரித்து உறங்குவோரைக் கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில்தான் தீண்டுகிறது. கடித்த வலிகூடப் பலருக்குத் தெரிவதில்லை. எலி இருக்கும் வீட்டை நாடித்தான் பாம்பு வருகிறது. ஆகவே பாயையும் போர்வையையும் உதறி, கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிப் படுத்தால் கொசுவுக்கும் பாம்புக்கும் ஒருங்கே காப்பு. காலையில் செருப்பையும் தட்டிவிட்டு அணியுங்கள். வீட்டில் பாம்பைக் கண்டால் நெருங்காமல் பிள்ளைகளை அப்புறப்படுத்திவிட்டுத் தீயணைப்பு நிலையத்தாரை அழையுங்கள்.

சகோதர சகோதரிகளே! இன்றிரவு இஷா தொழுகை முடிந்ததும் பிஸ்மி சொல்லிக் கதவைத் தாழிடுங்கள், குடத்தையும் சட்டியையும் மூடுங்கள், அங்கணத்தைத் துடையுங்கள், பாயை உதறுங்கள், பரண்மேல் பழைய மருந்துப் பொட்டலம் ஏதேனும் கிடக்கிறதா என்று பாருங்கள். கால் மணி நேர வேலைதான். ஸுன்னத் என்ற நிய்யத்தோடு செய்தால் அதற்கு நன்மையும் உண்டு, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் உண்டு. அல்லாஹுதஆலா நம் வீடுகளையும் மக்களையும் எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.