முப்பது வருஷம் கழித்து இந்தக் கிணறு?

மணவாள நகரில் இருப்பவர்களுக்குக் குடிநீர்த் திட்டம் என்பது செய்தித்தாளில் படிக்கும் விஷயமில்லை. பக்கத்தில் கூவம், சற்றுத் தள்ளிப் பூண்டி ஏரி. சென்னை குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு நம் திருவள்ளூர் மாவட்டத்து வழியாகத்தான் போகிறது. அந்தத் திட்டங்களை எப்படி எடைபோடுகிறோம் என்பதில் சில தவறான நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன.

நம்பிக்கை: மதிப்பீடு என்றால் முடிந்த வேலைக்கு மார்க் போடுவது.

உண்மை: மீஞ்சூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். 1960-களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகைகளின் நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணறுகள் தோண்டி, மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் தண்ணீர் அனுப்பினார்கள். எத்தனை கிணறு, நாளைக்கு எத்தனை லிட்டர் என்று மட்டும் எண்ணினால் அது வெற்றித் திட்டம்தான். ஆனால் ஊறுவதைவிட அதிகமாக இறைத்ததால் கடல் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. இனித்த கிணறுகள் கரித்தன. விவசாயம் படுத்தது. 2010-இல் அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு திறக்கப்பட்டது. கிணற்றுக்குள் தானாக வந்த கடலை, இன்னொரு பக்கம் காசு கொடுத்து இனிப்பாக்குகிறோம்! முதல் மோட்டார் ஓடிய நாளிலேயே 'முப்பது வருஷம் கழித்து இந்தக் கிணறு என்னவாகும்?' என்பதும் மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வியாக இருந்திருக்க வேண்டும். மதிப்பீட்டாளர்கள் இன்று எதிர்காலச் சிந்தனை என்று பேசுவது இதைத்தான்.

நம்பிக்கை: நாளை நடக்கப்போவதை யார் கண்டது? இதெல்லாம் ஜோசியம்.

உண்மை: ஜோசியர் ஒரே எதிர்காலத்தைச் சொல்வார். இந்த முறையோ பல எதிர்காலங்களை வைத்துப் பார்க்கச் சொல்கிறது. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டு அடையாற்றங்கரை மூழ்கியது. நான்கு வருஷம்கூட ஆகவில்லை. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. வெள்ளத்தை மட்டும் நினைத்து எழுதிய அறிக்கையும், வறட்சியை மட்டும் நினைத்து எழுதியதும் பாதி அறிக்கைகளே.

பூண்டியையே எடுத்துக்கொள்வோம். 1983 ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 12 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் வர வேண்டும். பெரும்பாலான ஆண்டுகளில் அவ்வளவு வந்ததில்லை. ஆகவே கிருஷ்ணா நீர் வந்தால், வராவிட்டால். மழை இரண்டே நாளில் கொட்டித் தீர்த்தால், அடியோடு பொய்த்தால். இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் நான்கு நிலைமைகள். நான்கிலும் திட்டம் தாக்குப்பிடிக்கிறதா என்று பார்ப்பதே நேர்மையான மதிப்பீடு.

நம்பிக்கை: இது நிபுணர்கள் பேச வேண்டிய விஷயம்.

உண்மை: உப்பு ஏறிய தண்ணீரில் பருப்பு வேகாது. ஆய்வுக்கூட அறிக்கை வருமுன்பே அடுப்படி அதைச் சொல்லிவிடும். போர் போட்டவருக்கு எத்தனை அடியில் தண்ணீர் கிடைத்தது என்பது நினைவிருக்கும். அடுத்த தெருவில் இப்போது எத்தனை அடி போகிறது என்பதும் தெரியும். இந்த அறிவைக் கேட்டு வாங்காத எந்த மதிப்பீட்டையும் நான் முழுமையானதாக ஏற்கமாட்டேன்.

உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. வரவு செலவை வாசித்து முடித்ததும் எழுந்து நின்று கேளுங்கள்: "நம் ஊர்க் குடிநீர்க் கிணறு 2055-இல் எப்படி இருக்கும்? மழை பொய்த்தால் என்ன ஏற்பாடு?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.