அண்ணம் இணையும் வாரங்கள்

“கிரகணத்தன்று வெளியே வந்தாயா?” என்று பிளவண்ணக் குழந்தையின் தாயைக் கேட்போர் இன்றும் உளர். அண்ணம் உருவாகும் விதமோ வேறு. கரு உண்டான 7-ஆம் வாரத்தில், மேல்தாடையின் இருபுறமிருந்தும் இரு திசுத்தகடுகள் நாக்கின் பக்கவாட்டில் கீழ்நோக்கி வளர்கின்றன. பின்னர் நாக்கு தாழ்ந்து வழிவிட, அவை மேலெழுந்து படுக்கைநிலை அடைந்து, 12-ஆம் வாரத்திற்குள் நடுவில் இணைகின்றன. கீழ்த்தாடை மிகச் சிறுத்திருந்தால் நாக்கு தாழ இடமிராது. தகடுகள் சந்திக்காமற் போகலாம். மரபணு மாற்றங்கள், தாயின் புகைப்பழக்கம், வலிப்புக்கான வால்புரோயேட் முதலிய சில மருந்துகள் ஆகியனவும் இவ்விணைப்பைக் குலைக்கக்கூடும். (அம்மருந்தைத் தாமாக நிறுத்துவது பேராபத்து, மருத்துவரைக் கேட்டே மாற்றவேண்டும்.) பல குழந்தைகளில் காரணம் எதனையும் சுட்ட இயலாது. கிரகணத்திற்கு இதில் பங்கே இல்லை. கேட்கும் உறவினரிடம் இப்பக்கத்தைக் கொடுங்கள்.