தானே கடற்கழியில் கேமராவும் நாயும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தேவ்னார் குப்பைமேட்டை ஒட்டிய கோவண்டியில் இயற்கை என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை என்பதும், மழை ஓய்ந்தபின் கேமராவோடும் வளர்ப்பு நாயோடும் வெளியே போக விரும்புவோர் லோனாவாலாவுக்கோ போரிவலி தேசியப் பூங்காவுக்கோதான் போக வேண்டும் என்பதும் மும்பையில் பரவலாக நம்பப்படுகின்றன. உண்மையில், 1927 முதல் மாநகரின் குப்பையைச் சுமந்துவரும் அந்த மேட்டை அடுத்தே தானே கடற்கழி, அதாவது கடல்நீர் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கும் நீண்ட நீர்ப்பரப்பு, அலையாத்திக் காடுகளோடும் சேற்றுப் படுகைகளோடும் விரிந்து கிடக்கிறது. அதன் ஒரு பகுதியை மகாராஷ்டிர அரசு 2015இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சர் உடன்படிக்கையின் பட்டியலில் 2022இல் இக்கழி சேர்க்கப்பட்டது. போரிவலியின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவிலோ வளர்ப்பு விலங்குகளுக்கு அனுமதியே இல்லை. சிறுத்தைகள் நடமாடும் காட்டில் அது நாயின் நலனுக்கும் உகந்த விதி.

செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் இலையுதிர் காலம், ஆகவே நாயை நெடுந்தூரம் நடத்திச் செல்லக் குளிர்ந்த பருவம் என்பது பாடநூல்கள் வழி வந்த மற்றொரு எண்ணம். மும்பையின் மரங்கள் அப்போதுதான் மழைநீரில் தழைத்து நிற்கின்றன; அவற்றுள் பல பிப்ரவரி, மார்ச்சில்தான் இலை உதிர்க்கும். தென்மேற்குப் பருவமழை மும்பையை விட்டு விலகும் வழக்கமான நாள் அக்டோபர் 8 எனக் கணக்கிடப்படுகிறது. மேகம் கலைந்து, காற்று நிலப்பக்கமிருந்து வீசத் தொடங்கியதும், ஆகஸ்டில் 30 டிகிரி செல்சியஸ் அளவில் நின்ற பகல் வெப்பம் 33, 34 டிகிரிக்கு ஏறுகிறது, சில நாள்களில் 36ஐயும் தொடுகிறது; ஊர்மக்கள் 'அக்டோபர் ஹீட்' என்பது இதைத்தான். நாயின் உடலில் வியர்வை பாதங்களில் மட்டுமே சிறிதளவு சுரப்பதால், நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கியே அது உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. காற்றிலேயே ஈரம் மிகுந்திருக்கும்போது அந்த ஆவியாதலும் குறைந்துபோவதால், வெயில் ஏறியபின் நடத்தப்படும் நாய், குறிப்பாகச் சப்பை மூக்குள்ள பக் போன்ற இனம், வெப்பத்தாக்குக்கு எளிதில் ஆளாகிறது. கேமராவுக்கும் சாய்ந்து விழும் விடியல் ஒளியே உகந்தது என்பதால் இரண்டுக்கும் பொருந்தும் நேரம் காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடுகிறது.

கழிக்கரையைப் பொறுத்தவரை மிகவும் கேடு விளைவிப்பது, கயிற்றில் கட்டிப் பிடித்திருக்கும் நாயால் பறவைகளுக்கு எந்த இடரும் இல்லை என்ற நம்பிக்கை. ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு அருகிலுள்ள வனப்பகுதிகளில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வு, கயிற்றில் நடத்தப்பட்ட நாய்கள் சென்ற வழிகளில் பறவை இனங்களின் வகை 35 விழுக்காடும் எண்ணிக்கை 41 விழுக்காடும் குறைந்ததையும், மனிதர் மட்டும் நடந்தபோது ஏற்பட்ட விளைவு அதில் பாதிக்கும் குறைவாக இருந்ததையும் காட்டியது. நாயின் குணத்தைப் பறவை அறியாது. பசித்து வரும் ஊனுண்ணியின் உருவமே அதன் கண்ணில் படுகிறது. தெருநாய்கள் ஏற்கெனவே கரையில் திரிகையில் இன்னொரு நாயால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள், ஏற்கெனவே விரட்டப்பட்டுக் களைத்த பறவை மேலும் ஒருமுறை எழும்பிப் பறப்பதற்குத் தரும் விலையைக் கருதுவதில்லை.

அந்த விலை இப்பருவத்தில் மிகப் பெரிது. பூநாரைகள் மழை விட்டதும் வந்துவிடும் என்று எதிர்பார்த்து வருபவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள், ஏனெனில் கட்ச் முதலிய இடங்களிலிருந்து அவை பெருந்திரளாக வருவது நவம்பர் தொடங்கித்தான். செப்டம்பரில் சேற்றில் மேய்பவை கொசு உள்ளான், வளைமூக்கு உள்ளான், கருவால் மூக்கன் போன்ற கரையோரப் பறவைகள். சைபீரியா வரையுள்ள வடபுலத்தில் குஞ்சு பொரித்து, பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து வந்தவை. கொசு உள்ளானின் எடை 20 முதல் 30 கிராம்தான். வழியில் கரைந்த கொழுப்பை அது சேற்றுப் புழுக்களைத் தின்றே ஈட்ட வேண்டும், நீர் ஏறிவிட்டால் அந்த உணவும் மூடப்பட்டுவிடும். கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக நாயை அவிழ்த்துவிடுவோரும் கைதட்டி எழுப்புவோரும் அந்த உணவு நேரத்தையே பறித்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்த படத்தில் முதுகும் வாலும் விலகிச் செல்வதே பதிகிறது. கடல்நீரின் உச்ச ஏற்றத்துக்கு ஓரிரு மணி நேரம் முன்பு ஓரிடத்தில் அசையாமல் அமர்ந்தால், ஏறும் நீரே பறவைகளைக் கரைப்பக்கம் ஒதுக்கித் தருகிறது. ஆகவே சேற்றுக்கரைக்குக் கேமராவும், தார்ச்சாலைக்கும் குடியிருப்புத் திடலுக்கும் நாயும் எனப் பிரித்துக்கொள்வதே முறை.

வீடு திரும்பியபின் கேமராவைத் தோலுறையில் மூடி அலமாரியில் வைத்தால் போதும் என்பதும் தவறே: ஈரப்பதம் 60, 65 விழுக்காட்டைத் தாண்டிய இருட்டில் லென்ஸின் மேல் பூஞ்சை படரும், தோல் அந்த ஈரத்தைப் பிடித்து வைக்கும். அரிசி டப்பாவும் உதவாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இட்ட, காற்றுப் புகாத பெட்டியே தேவை.

மழை நின்றதும் எலிக்காய்ச்சலின் அச்சமும் நீங்கிவிடுகிறது என்பதையும் நம்புவதற்கில்லை. 2005 ஜூலை வெள்ளத்துக்குப் பின் மும்பையைத் தாக்கிய அந்நோயின் கிருமி, விலங்குகளின் சிறுநீரில் வெளியேறி, ஈரச் சேற்றிலும் தேங்கிய நன்னீரிலும் வாரக்கணக்கில் உயிர்வாழக்கூடியது; தொற்றிச் சில நாள்கள் முதல் சில வாரங்களுக்குள் நோய் வெளிப்படுவதால், இறுதி மழையில் குட்டையில் நனைந்த நாய் அக்டோபரில் படுத்துவிடலாம், அதன் சிறுநீரால் வீட்டாருக்கும் பரவலாம். இந்நோய்க்கு எதிராக நாய்க்கு ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி உண்டு. அலையாத்திக் காட்டில் குள்ளநரிகளும் வாழ்கின்றன. 2024இல் செம்பூர், டிராம்பே வட்டாரத்தில் குள்ளநரிகளிடம் வெறிநோய் உறுதிசெய்யப்பட்டது. எனவே அந்த விளிம்பில் நடமாடும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தவணை தவறாமல் போடப்பட வேண்டும். நாயிடமோ குள்ளநரியிடமோ கடிபட்ட மனிதர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.